கடல் வற்றும் நேரம், மலை காயும் நேரம்

முன்னால் கடல், பின்னால் மலை என்று அமைந்த ஊரில் மலை சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பாதை நல்ல பாதை?" என்றுதான். நான் பதிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவதாக உத்தேசம் என்று கேட்பேன். பேச்சை மாற்றுவதற்காகக் கேட்பதில்லை. இந்த மாதிரி நிலத்தில் ஒரே பாதை காலை ஆறு மணிக்கு ஒன்றாகவும் மதியம் இரண்டு மணிக்கு வேறொன்றாகவும் இருக்கும். காலையில் தார் ரோடு போல இறுகிக் கிடந்த கரை மணல் மதியம் தண்ணீருக்கடியில் இருக்கும். ஏழு மணிக்கு வழுக்கிவிட்ட வேர் ஒன்பது மணிக்கு டயரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த வரி எனக்கு முழுசாக விளங்கியது சைக்கிள் ஓட்டத் தொடங்கிய பிறகுதான்.

நான் அதிகம் ஓட்டும் வட்டம் 34 கிலோமீட்டர். முதல் 6 கிலோமீட்டர் கடலோர மணல், அப்புறம் ஓடை கடலில் சேரும் இடத்தில் உள்பக்கம் திரும்பி, பழைய வண்டித்தடம் ஒன்றைப் பிடித்து மலைமேல் நீளமாக ஓர் ஏற்றம், உச்சியில் முகட்டை ஒட்டி 5 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, கடைசியில் செங்குத்தான இறக்கம், அதன் அடியில் மறுபடி ஊர். மொத்த ஏற்றம் 600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தூரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். முடியாது, எனக்கு முக்கால்வாசி நாள்களில் நாலு மணி நேரம் பிடிக்கும். மலைப்பாதையில் நேரத்தைத் தின்பது ஏற்றம்தான், தூரமெல்லாம் அப்புறம். வாரம் இரண்டு நாள் ஓட்டும் சாதாரண உடம்புக்கு மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறுவதே நல்ல வேகம், ஆக ஏற்றத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் போய்விடும். மலையூரில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலே 800 மீட்டரில் இருக்கலாம். கடலோரத்தில் அப்படி எதுவும் இனாமாக வராது, பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு மீட்டரையும் நாமே ஏற வேண்டும்.

பூஜ்யம் என்றதும் ஒரு சின்ன விஷயம். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி உங்கள் சைக்கிளில் இருந்தால், அதைச் சரிசெய்யக் கடற்கரையைவிட நல்ல இடம் கிடையாது. அலை வந்து தொட்டுப்போகும் இடத்தில் நின்று பூஜ்யம் என்று வைத்துவிடுங்கள். தரைமட்டத்துக்குப் பக்கத்தில் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், அந்தக் கணக்கில்தான் கருவி உயரத்தைச் சொல்கிறது. நாலு மணி நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் சில நாள் மைனஸ் 10 காட்டும், சில நாள் 15 காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை, இடைப்பட்ட நேரத்தில் காற்றழுத்தமே மாறியிருக்கிறது. கடலில் பூஜ்யமாகக் கிளம்பி 15-இல் வந்து நின்றால் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். கருவி காட்டும் அந்த எண் நிறைய ஏறியிருந்தால், வானிலை கெடலாம் என்று அன்று சாயங்காலம் மறுபடி மலைப்பக்கம் போகும் எண்ணத்தை நான் தள்ளிப்போட்டுவிடுவேன்.

சரி, மணலுக்கு வருவோம். கரையில் சைக்கிள் ஓட்ட முடியாது, சக்கரம் புதைந்துவிடும் என்று நிறைய பேர் முயற்சியே செய்வதில்லை. காய்ந்த மணலில் புதையும்தான். தண்ணீர் பளபளவென்று நிற்கும் மணலிலும் புதையும். இந்த இரண்டுக்கும் நடுவில், பளபளப்பு போய் நிறம் மட்டும் கருத்துக் கிடக்கும் பட்டை ஒன்று இருக்கும், அதுதான் நம் ரோடு. அங்கே மணல் பருக்கைகளுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும், அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் பருக்கைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அந்த இடத்தில் இறங்கிக் காலை அழுத்தி வைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் சட்டென்று வெளுத்து, காய்ந்தாற்போல ஆகும். காலை எடுத்ததும் நீர் ஊறி மறுபடி கருக்கும். நெருக்கமாக அடைந்திருந்த பருக்கைகள் மிதி பட்டதும் விலகி இடம் கேட்கின்றன, மேலே நின்ற தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. இதை 1885-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி விளக்கி எழுதினார். எனக்கு இது மணலைச் சோதிக்கும் முறை. கால் வைத்ததும் வெளுத்தால் சைக்கிள் போகும். சேறு மாதிரி உள்வாங்கினால் இரண்டு மீட்டர் மேலே தள்ளி ஓட்ட வேண்டும்.

அந்தப் பட்டை எவ்வளவு அகலம், எந்நேரம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஓதம். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும், நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னாலிருந்து இரண்டு மணி பின்னால் வரை நான் கரையில் ஓட்டுவேன், முடிந்தவரை வற்றிக்கொண்டிருக்கும் பாதியில். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் நிறைய உள்வாங்கும், பட்டை அகலமாகக் கிடைக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: ஓர் ஊரில் பௌர்ணமியன்று கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறதோ, அடுத்த பௌர்ணமியிலும் அதற்கடுத்த அமாவாசையிலும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்குத்தான் வற்றும். ஊருக்கு ஊர் இந்த நேரம் மாறும், ஆனால் ஒரே ஊருக்குள் பெரிதாக மாறாது. அதைத் தெரிந்துகொண்டால், அகலமான கரை உங்களுக்கு விடிகாலையில் கிடைக்குமா, நடு மதியத்தில் கிடைக்குமா என்பது வருஷம் முழுவதற்கும் கையில் இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ளாத காலத்தில் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை ஒன்றைச் சுற்றிப் போனால் அந்தப் பக்கம் சின்னக் குடாவும் மேலே ஏறும் தடமும் இருக்கின்றன. போகும்போது முனைக்கடியில் பத்தடி அகல மணல் இருந்தது. அந்தப் பக்கத் தடம் சரிந்து அடைபட்டிருந்ததால் திரும்பி வந்தேன், முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. முனைக்கடியில் மணலே இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர், ஒவ்வோர் அலைக்கும் இடுப்பு வரை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கையால் பாறையைப் பிடித்தபடி நூறு மீட்டரைக் கடக்க அரை மணி நேரம் ஆனது, இரண்டு தடவை அலை என்னைப் பாறையோடு சேர்த்து அறைந்தது. அன்று உண்மையாகவே பயந்தேன். அதற்கப்புறம், மறுபக்கம் மேலே ஏற வழி உண்டென்று கண்ணால் பார்க்காத எந்த முனையையும், கடல் ஏறத் தொடங்கிய பிறகு நான் சுற்றியதில்லை. உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள்.

தண்ணீர் ஏறிவிட்டதே என்று மணல்மேட்டு மேல் ஏற்றி ஓட்டுவதும் கூடாது. மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அங்கே படரும் கொடிகளும் புல்லும்தான். வெப்பமான கரைகளில் அடம்பங்கொடியைப் பார்த்திருப்பீர்கள், ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக. அதன் மேல் நாலு சைக்கிள் போனால் தண்டு நசுங்கும், மணல் வெளியே தெரியும், அந்த இடத்தைக் காற்று தோண்ட ஆரம்பிக்கும். மணலிலேயே குழி பறித்து முட்டையிடும் பறவைகளும் ஆமைகளும் இருக்கும் பருவத்தில் உயர மணலுக்குப் போகவே வேண்டாம். ஈரப்பட்டையில் பதியும் தடத்தை அடுத்த ஓதம் அழித்துவிடும், மேட்டில் பதிவதை அழிக்க யாரும் வர மாட்டார்கள்.

டயர் காற்று. 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் மணலுக்கு 14 பி.எஸ்.ஐ. வரை இறக்குவேன். டயர் பரந்து படிந்து மேலே மிதந்து போகும். ஆனால் அதே காற்றோடு மலையில் ஏறிக் கல்லில் மோதினால் ரிம் அடி வாங்கும், உள்ளே டியூப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், பாம்பு கடித்த மாதிரி பக்கத்துக்கொன்றாக இரண்டு ஓட்டை. அதனால் ஓடையோரம் திரும்பியதும் இறங்கிக் கைப்பம்பால் 22, 24 வரை அடித்துக்கொள்வேன். ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பல்படுபவர்கள்தான் மலையடிவாரத்தில் அரை மணி நேரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

இனி ஏற்றம். கடலோர மலையில் ஏறுவதைக் காற்றோடு சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். வெயில் ஏறும்போது நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்பும், கடல்பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அது முன்மதியம் தொடங்கிப் பிற்பகலில் உச்சம் தொடும். இரவில் நிலம் சீக்கிரம் ஆறுவதால் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், ஆனால் இது மென்மையானது. இதைக் கேட்டதும், அப்படியானால் மதியம் கிளம்பினால் கடற்காற்று முதுகில் தள்ளுமே, விடிகாலையில் நிலக்காற்று எதிரே வருமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓட்டிப் பார்த்தால் கணக்கு வேறு. ஏற்றத்தில் நம் வேகமே மணிக்கு 6, 7 கிலோமீட்டர். முதுகுக்குப் பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று வந்தால் நம்மைப் பொறுத்தவரை காற்றே இல்லை, வியர்வை காயாது, உடம்பு வெந்துபோகும். விடிகாலை நிலக்காற்று எதிரே வந்தாலும் அந்த வேகத்தில் அதன் தடை பெரிதாகத் தெரியாது, குளிர்ச்சி மட்டும் தெரியும். மதியம் கிளம்பினால் திரும்பும் வழியில் கடைசிச் சமதளத்தில் முகத்தில் அடிக்கும் கடற்காற்றோடு மல்லுக்கட்டவும் வேண்டும். அதனால் நான் விடிகாலைக்காரன்தான்.

வரைபடத்தில் ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் உயரக் கோடுகளைப் பார்த்தே ஏற்றத்தின் குணம் சொல்லிவிடலாம். பாதை கோடுகளைக் கிட்டத்தட்ட இணையாக ஒட்டிப் போய்ச் சாய்வாக வெட்டினால் ஓட்டலாம். கோடுகளுக்கு நேர்குறுக்காகப் போனால் தள்ள வேண்டியதுதான், அதோடு மழைத் தண்ணீருக்கும் அதுவே வாய்க்கால். பாதை அமைப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பாதையின் சரிவு, அது போகும் மலைச்சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரி 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அப்படி இருந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். இல்லாவிட்டால் பாதையிலேயே ஓடி அரித்துவிடும். என் வட்டத்தில் உள்ள வண்டித்தடம் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. சுமை ஏற்றிய வண்டியை மேலே கொண்டுபோகப் போட்ட தடம் அப்படித்தான் இருந்தாக வேண்டும். அதனால் மலை மேல் பழைய வண்டித்தடம் இருப்பதாக யாராவது சொன்னால் முதல் வேலையாகப் போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் எந்தத் தடத்துக்கும் போக வேண்டாம். ஈர மண்ணில் பதியும் டயர்த்தடம்தான் அடுத்த மழைக்குக் கால்வாயாகிறது.

முகடு. முடிந்தவரை எட்டு மணிக்கு முன்னால் நான் முகட்டுக்குள் நுழைவதில்லை. காரணம் ஈரம். பகலில் கடலிலிருந்து வந்து தங்கிய ஈரம் இரவெல்லாம் இலை மேலும் வேர் மேலும் பனியாக இறங்கியிருக்கும். 5 கிலோமீட்டர் பாதையில் மோசமானது நடுவில் வரும் 200 மீட்டர்தான். மரவேர்கள் பாதைக்குக் குறுக்கே, ஆனால் நேர்குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கிடக்கின்றன, மேல்தோல் தேய்ந்து வழவழவென்று. ஈரமாக இருக்கும்போது சாய்வான வேரில் முன்சக்கரம் ஏறினால் வேர் போகும் திசையிலேயே சக்கரமும் போய்விடும், நாம் ஒரு பக்கம் சைக்கிள் ஒரு பக்கம். கடக்க வேண்டுமானால் வேருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை முழுசாக விட்டு, ஹேண்டில்பாரைக் கொஞ்சம் வளைத்து, முடிந்தவரை வேரை நேர்குறுக்காக வெட்டிக் கடக்க வேண்டும், வேர் மேல் இருக்கும்போது திருப்பவும் கூடாது, பிரேக்கைத் தொடவும் கூடாது. காய்ந்த பிறகு இத்தனை கவனம் தேவையில்லை. பாதை கிழக்குச் சரிவில் போகும் இடங்கள் ஏழரைக்கே காய்ந்துவிடும், மேற்குச் சரிவுக்குள் புகும் இடங்கள் ஒன்பதானாலும் ஈரம்தான். வரைபடத்தில் பாதை எந்தச் சரிவில் போகிறது என்று பார்த்து வைத்தால் எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். ரொம்பத் தாமதமாகவும் போகக் கூடாது. கடற்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகும், பிற்பகலில் முகடு மூடிக்கொள்ளும், பத்தடி தூரத்தில் கால்நடையாக வருபவர்கூடக் கண்ணில் பட மாட்டார். நடப்பவருக்கும் ஏறிவரும் சைக்கிளுக்கும் வழிவிட்டு நிற்பது இறங்குபவரின் கடமை, அதற்கு முதலில் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இறக்கத்தைப் பற்றி எழுத நிறைய ஆசை. நானும் சைக்கிளுமாகச் சேர்ந்து 90 கிலோ. 500 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு வரும்போது விடுபடும் ஆற்றல் நாலு லட்சம் ஜூலுக்கு மேல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து மிச்சமும் இருக்கும். செங்குத்தான பாதையில் இதன் பெரும்பகுதி கையகல பிரேக் டிஸ்க் இரண்டில்தான் சூடாக இறங்குகிறது. இந்த விளையாட்டின் தொடக்கக் கதையே பிரேக் சூட்டில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்று ஓர் இடம், ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா, நடுவில் மலைகள். அங்கே எழுபதுகளில் சில இளைஞர்கள் 1930கள், 40களின் கனமான பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண் பாதையில் இறக்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் 400 மீட்டர் இறங்கியதும் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து எரிந்துபோகும், பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பது என்ற பொருளில் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயராகிவிட்டது. 1976 அக்டோபரில் அங்கே முதல் இறக்கப் போட்டி. அந்தப் பாதையில் ஓட்டிய ஜோ பிரீஸ் அடுத்த வருஷமே இந்த வேலைக்கென்று தனியாக ஃபிரேம் செய்தார், 1996-இல் மலை சைக்கிள் ஒலிம்பிக்குக்குள் வந்தது. கடலை ஒட்டிய மலைகளில்தான் இந்த விளையாட்டே உருவாகியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

இத்தாலியில் ஃபினாலே லிகுரே என்ற கடலோர ஊர் இன்று இதற்குப் பேர்போனது. ஆயிரம் மீட்டர் உயரத்துப் பழைய நேட்டோ தளம் இருந்த இடத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் பாதைகள். இறக்கங்களுக்கு மட்டும் நேரம் கணக்கிடும் மலை சைக்கிள் போட்டியான என்டூரோவின் உலகத் தொடர் 2013-இல் முதன்முதலாக நடந்தபோது கடைசிச் சுற்று அங்கேதான். அங்கே பெரும்பாலானோர் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போய் இறங்கி மட்டும் வருகிறார்கள். அதில் தப்பில்லை, இறக்கம் பழக அது நல்ல வழி. ஆனால் ஏறிப் போகும்போதுதான் எந்த வளைவில் ஈரம் இருக்கிறது, எங்கே புதுசாக மண் சரிந்திருக்கிறது, காற்று எப்போது திரும்பியது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிகிறது, அந்தத் தகவலோடு இறங்கும் இறக்கம் வேறு மாதிரி இருக்கும்.

பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டிஸ்க் ஆறவே ஆறாது, டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறிப் பிடிப்புப் போய்விடும். நேரான பகுதியில் நன்றாக விட்டு, வளைவுக்கு முன்னால் ஒரு விரலால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். சீட்டை முழுசாக இறக்கிவிட்டு, குதிகாலைத் தாழ்த்தி, அடுத்த வளைவின் வெளியேறும் முனையைப் பார்த்தபடி. வளைவு தாண்டியதும் ஓரிடத்தில் மரங்கள் விலகிக் கடல் மொத்தமாகத் தெரியும். அங்கே எப்போதும் நின்றுவிடுவேன். டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகும்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்னால் சைக்கிளைக் கழுவ வேண்டும். உப்பு ஒரே ராத்திரியில் செயினில் துருப் பிடிக்கவைத்துவிடும். நல்ல தண்ணீர், வாளி, மென்மையான பிரஷ் போதும், பம்பு வைத்து வேகமாகப் பீய்ச்சி அடித்தால் உப்புத்தண்ணீரையும் மணலையும் சேர்த்துப் பியரிங்குக்குள் நாமே தள்ளிவிடுகிறோம். அந்தப் பாறை முனை சம்பவத்துக்கப்புறம் மேலோட்டமாகக் கழுவிவிட்டு விட்டுவிட்டேன், மூன்றே வாரத்தில் பெடல் அச்சுக்குள் கரகரவென்று சத்தம், திறந்தால் பியரிங் முழுக்கச் செந்நிறத் தூள். மாதம் ஒரு தடவை சீட் கம்பியை வெளியே உருவி, துடைத்து, கிரீஸ் பூசிப் போட வேண்டும். அலுமினியக் கம்பியும் இரும்பு ஃபிரேமும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றோடொன்று இறுகி, பிறகு எத்தனை பேர் இழுத்தாலும் வராது. செயினுக்கு எண்ணெய் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, அப்புறம் துணியால் வெளிப்பக்கத்தை முழுசாகத் துடைத்துவிட வேண்டும். வெளியே நிற்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பல்சக்கரத்தை அரம் மாதிரி அறுக்கும்.

இன்று கடல் வற்றியது 5:50-க்கு. ஐந்தரைக்குக் கிளம்பி, கரையை முடித்து, முகட்டில் எட்டு மணிக்கு நுழைந்து, ஒன்பதரைக்கு வீடு. இது மாதத்தில் சில நாள்தான் இப்படிப் பொருந்தி வரும். இன்னும் நாலு நாளில் வற்றும் நேரம் ஒன்பதைத் தாண்டிவிடும், வட்டத்தை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அந்தச் செங்குத்து இறக்கம் அப்போது ஏற்றம், முதல் ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் போவேன். முகட்டுக்கு ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவேன் என்பதால் அந்த 200 மீட்டர் வேர்ப்பகுதியை இறங்கி நடந்தே கடப்பேன். டயரில் காற்று இந்தத் தடவை முதலில் 24, ஓடையோரம் வந்ததும் 14.